நாலாம் மாடிக் குழாய்

கொண்டை ஊசி வளைவில் வண்டி திரும்பும்போதெல்லாம் அப்பாவின் கால்கள் பூங்குழலியின் மடிப்பக்கமாக நகர்ந்து வந்தன. அவள் இரண்டு கைகளாலும் பிடித்து மெல்லத் தள்ளி வைத்தாள். அடுத்த வளைவில் வண்டி மறுபக்கம் சாயும். அப்போது தலை போய்த் தகரத்தில் இடித்துவிடாமல் தோளைப் பிடித்துக்கொள்ள வேண்டும். காரவள்ளியில் மலையேறத் தொடங்கி இருபது வளைவுதான் ஆகியிருந்தது. இன்னும் ஐம்பது இருந்தது. சுற்றிலும் அடுக்கியிருந்த ஐஸ் கட்டிகள் கரைந்து, மரத்தூள் ஊறி, பின்கதவின் இடுக்கு வழியாகத் தண்ணீர் ரோட்டில் சொட்டிக்கொண்டே வந்தது.

"மெதுவாத்தான் போறேன் கண்ணு. புடிச்சிருக்கியா?" என்று முன்னாலிருந்து அக்பர் அலி கேட்டார்.

"புடிச்சிருக்கறனுங்க பாய்."

"பொழுது உளுகறதுக்குள்ள போயிரலாம். நீ பயப்படாத."

அக்பர் அலிக்குக் காரவள்ளியில் மளிகைக்கடை. மலையிலிருந்து இறங்கும் கிழங்கையும் மிளகையும் வாங்கி இந்த வேனில்தான் ராசிபுரத்துக்குக் கொண்டுபோவார். கடையின் ஓரத்தில் கண்ணாடி அடைத்து ஒரு எஸ்.டி.டி. பூத் போட்டிருந்தார். மூன்று வருஷமாகப் பூங்குழலிக்கு அதில் வேலை. வாரத்தில் ஆறு நாள் அவர் வீட்டில், அவர் மனைவி சலீமா பீவி போடும் சோறு. சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறினால் மலைமேல் எடப்புளி நாட்டில் அம்மாவிடம். கருப்பண்ணனுக்கும் அத்தாயிக்கும் இவள் ஒரே பிள்ளை.

நேற்றுக் காலையில், பூத்தைத் திறந்து சாம்பிராணி காட்டி முடிப்பதற்குள் போன் வந்துவிட்டது. "கருப்பண்ணன் வீட்டுக்கு சேதி சொல்லணும். அவருக்கு ரொம்ப சீரியஸ். உடனே யாராச்சும் வாங்க" என்றது ஒரு குரல். மேலே போகும் பஸ்ஸின் கண்டக்டரிடம் அதை அப்படியே சொல்லி அம்மாவுக்கு அனுப்பிவிட்டு, பாயின் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். சாவை யாரும் போனில் சாவு என்று சொல்வதில்லை. சீரியஸ் என்றுதான் சொல்வார்கள். அந்த பூத்தில் எத்தனை பேருக்கு அந்தச் சேதியை வாங்கிக் கொடுத்திருக்கிறாள்! ரிசீவரை நீட்டும்போதே அவர்களுக்காக ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுவிடுவாள். தன் முறை வந்தபோது மட்டும் அதை அப்படியே நம்பிவிட்டாள், பாவம். வழியெல்லாம், ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குக் கஞ்சி கொடுக்க விடுவார்களா என்று பாயைக் கேட்டுக்கொண்டே போனாள்.

மெட்ராஸ் போய்ச் சேர்ந்தபோது மணி நாலரை. போனில் சொன்ன விலாசம் ஆஸ்பத்திரி இல்லை, அப்பா வேலை பார்த்த இடம். நகரத்துக்குத் தெற்கே, வயலும் சதுப்பும் கிடந்த பக்கத்தில், புதிதாக அகலப்படுத்திய ரோட்டின் இருபுறமும் கண்ணாடிக் கட்டடங்கள் நின்றன. ஒன்றின் கண்ணாடியில் எதிர்க்கட்டடம் தெரிந்தது. இரண்டிலும் ஆள் தெரியவில்லை. வாசல் சுவரில் பதித்திருந்த கம்பெனிப் பெயரைப் பெயர்த்து எடுத்திருந்தார்கள், ஆணி அடித்த ஓட்டைகள் வரிசையாக இருந்தன. கார்கள் நிறுத்துவதற்கு வெள்ளைக்கோடு கிழித்த இடத்தில் ஓர் எருமை படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தது.

"இங்கியா நாலாயிரம் பேரு?" என்றார் அக்பர் அலி.

அப்பா வேலைக்குச் சேர்ந்த புதிதில் போனில் சொன்ன கணக்கு அது. கிழங்கு இரண்டு வருஷம் தொடர்ந்து அழுகிப்போன பிறகு, மலை ஆட்கள் நம்பிக்கையானவர்கள் என்று யாரோ சொல்லி, வாட்ச்மேன் வேலைக்கு அழைத்துப் போனார்கள். "நாலாயிரம் பேரு வேலை பாக்கற எடமாம் கண்ணு. அடுத்த மாசம் எல்லாரும் வந்துருவாங்களாம்" என்றார். அமெரிக்காவில் கம்பெனிகள் கவிழ்ந்ததும், வருவதாக இருந்தவர்கள் வரவே இல்லை என்பதும் அவருக்கு யார் சொல்வார்கள்? அம்மா அதில் 'அடுத்த மாசம்' என்பதை விட்டுவிட்டு நாலாயிரம் பேரை மட்டும் எடுத்துக்கொண்டு ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

சூப்பர்வைசர் ரமேஷ்குமார் செல்போனைச் சட்டைப்பையில் போட்டபடி வந்தார். "மனச தைரியமா வெச்சுக்கங்கம்மா" என்று ஆரம்பித்தார்.

பூங்குழலிக்கு அதற்குமேல் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் கேட்டாள். "எப்பங்க?"

"ஞாயித்துக்கெழம சாயங்காலம் மயக்கமாயிருக்காரு. நைட்டு போயிருக்கலாம்கறாங்க. நேத்து மத்தியானந்தான் பார்த்தோம். பாடி ஜி.ஹெச்ல இருக்கு. நாளைக்குக் காலைல குடுத்துருவாங்க."

"சீரியஸ்னு சொன்னீங்களே..."

"போன்ல வேற எப்படிம்மா சொல்றது?"

கேட்டுக்கு எதிரே ஒரு டீக்கடை. அதை நடத்தும் பொன்னம்மாள் பூங்குழலியைப் பார்த்ததுமே வெளியே வந்துவிட்டாள். "கருப்பண்ணன் பொண்ணாம்மா? அதே மூக்கு" என்று கன்னத்தைத் தொட்டாள். வாட்ச்மேன் என்ற பெயரில் அப்பா என்ன வேலை செய்தார் என்பதே அவள் சொல்லித்தான் தெரிந்தது.

"ஆறு மணி ஆனா ஒவ்வொரு மாடியா ஏறி லைட்டு போட்டுக்கினே போவாரும்மா. ஒம்போது மணிக்கு அணைச்சுக்கினே எறங்குவாரு. ரோட்ல போறவன் பார்த்தா உள்ள ஜனங்க வேலை செய்யறாங்கன்னு நெனைக்கணுமாம். ஓனரு ஆர்டரு. காலியா கெடக்குதுன்னு தெரிஞ்சா எவன் வருவான்? ஆனா ஒண்ணு, ஒவ்வொரு மாடிலயும் கதவாண்ட நின்னு 'ஏனுங்க, வரலாமுங்களா?'ன்னு கேட்டுட்டுத்தான் உள்ள நொழைவாரு. யாரய்யா கேக்குறேன்னா, ஆளில்லாட்டியும் அடுத்தவன் எடத்துல கேக்காம கால் வெக்கக் கூடாதும்பாரு. நான் கிண்டல் பண்ணுவேன். 'யோவ், உள்ளேர்ந்து வாங்கன்னு ஒரு கொரல் வந்தா நீ இன்னாய்யா பண்ணுவே?'ன்னு." சிரிக்கப் போனவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஞாயித்துக்கெழம நான் எட்டு மணிக்கே கடைய சாத்திட்டேன். மறுநாளு மத்தியானம் அண்ணாந்து பாக்குறேன், நாலாவது மாடி வரைக்கும் பட்டப்பகல்ல லைட்டு எரியுது. அப்பத்தான் கத்துனேன். வெளிச்சம் இருந்தா ஆளு நல்லாருக்குதுன்னுதானேம்மா நெனைப்போம்..."

அப்பா விழுந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றாள் பூங்குழலி. ரமேஷ்குமாருக்கு இஷ்டமில்லை. அக்பர் அலி அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அதன் பிறகு ரமேஷ்குமார் சாவியை எடுத்தார்.

லிஃப்ட் ஓடவில்லை. படியேறினார்கள். நாலாம் மாடி ஒரே கூடமாக இருந்தது. பிளாஸ்டிக் உறை கழற்றாத நாற்காலிகள் வரிசை வரிசையாகச் சுவரைப் பார்த்து நின்றன. மேஜை போட வேண்டிய இடங்களில் தரையிலிருந்து ஒயர்கள் நீட்டிக்கொண்டிருந்தன. எங்கும் கேழ்வரகு மாவு கொட்டினதுபோலப் புழுதி. அந்தப் புழுதியில், சுவிட்சு போர்டின் கீழிருந்து ஒரு தடம் போயிற்று. கால் தடம் இல்லை. உடம்பை இழுத்துக்கொண்டு போன தடம். இரண்டு பக்கமும் உள்ளங்கைகள் பதிந்திருந்தன. ஒரு கம்பத்தின் அருகே தடம் அகலமாகக் கலைந்திருந்தது. அங்கே கொஞ்சநேரம் படுத்திருக்கிறார். பிறகு மறுபடியும் கைகள்.

பூங்குழலி அதை மிதிக்காமல் பக்கத்திலேயே நடந்தாள். தடம் கூடத்தின் கோடியில் இருந்த பாத்ரூமில் போய் முடிந்தது. கை கழுவும் தொட்டிக்குமேல் குழாய் முழுக்கத் திறந்திருந்தது. தொட்டி காய்ந்து வெள்ளையாக இருந்தது.

"மேல் மாடிங்களுக்கு இன்னும் தண்ணி கனெக்‌ஷன் குடுக்கலம்மா" என்றார் பின்னால் நின்ற ரமேஷ்குமார். "அவருக்கே தெரியுமே அது."

அவருக்குத் தெரியும். தெரிந்தும்தான் அத்தனை தூரம் வந்திருக்கிறார். பூங்குழலி குழாயை மூடினாள். மூடிவிட்டு, என்ன நினைத்தாளோ, மறுபடி திறந்து பார்த்தாள்.

அப்போது தலைக்குமேல் விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரிந்தன. மணி ஆறு. புது வாட்ச்மேன் சுவிட்சுகளைத் தட்டிவிட்டு, இவர்களைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் அடுத்த மாடிக்கு ஏறிப் போனான். கீழே இறங்கி ரோட்டில் வந்து நின்று அவள் திரும்பிப் பார்த்தபோது, கட்டடம் முழுக்கக் கல்யாண வீடு மாதிரி வெளிச்சமாக இருந்தது.

அதெல்லாம் நேற்று. இன்று காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டு அப்பாவை வாங்கினார்கள். அங்கிருந்தே பூத்துக்குப் போன் செய்தாள். சலீமா பீவி எடுத்தாள். "போயிட்டாருன்னு மட்டும் அம்மாவுக்கு சொல்லி உடுங்க. சாயங்காலத்துக்குள்ள கொண்டு வந்துருவோம்." அதற்குமேல் சொல்ல வாய் வரவில்லை. அழுவதற்கும் வரவில்லை. கள்ளக்குறிச்சி தாண்டும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகுதான், எதையோ அடுப்பில் வைத்துவிட்டு வந்தது ஞாபகம் வந்தவள்போல, "பாய், வாய்த்தண்ணி கேப்பாங்களே!" என்றாள்.

அக்பர் அலிக்கு அந்த வழக்கம் தெரியும். மலையில் எத்தனையோ சாவுக்குப் போய் நின்றிருக்கிறார். எடப்புளி நாட்டில் அவர்களுடைய பன்னிரண்டு வீட்டு ஊரில், ஒருவர் உயிர் போகும்போது ரத்த சம்பந்தமுள்ள ஒரு கை வாயில் தண்ணீர் விட்டிருக்க வேண்டும். விட்டது யார் என்று ஊர்க்கவுண்டர் கேட்பார். அந்தக் கைதான் பிணத்துக்கு முதல் குடம் ஊற்றும். அப்படி யாரும் விடவில்லை என்றால், தாகத்தோடு போன உயிர் என்று பிணத்தை ஊருக்குள் கொண்டுவருவதில்லை. ஓடைக்கு அந்தப் பக்கமே குழி. கல் நடுவதில்லை. பொங்கலுக்குப் பெரியவர்களுக்குச் சோறு வைக்கும்போது அந்தப் பேரைச் சொல்வதும் இல்லை. மிளகு பறிக்க ஏறிய மரத்திலிருந்து விழுந்து செத்த அர்த்தனாரிச் சித்தப்பாவை அப்படித்தான் புதைத்தார்கள். சித்தி ஓடையின் ஊர்ப்பக்கக் கரையில் நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கடக்கக் கூடாது. அவளைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றது அத்தாயி. இன்றைக்கு அத்தாயியை யார் பிடிப்பார்கள்?

"நான் குடுத்தேன்னு சொல்லிடறேன் கண்ணு" என்றார் அக்பர் அலி. "முப்பது வருசப் பழக்கம் எனக்கும் அவனுக்கும். பொய் சொன்ன பாவம் எனக்கு வரட்டும்."

"ரத்தக் கையா இருக்கோணுங்க பாய்."

எதிரே வந்த லாரிக்கு அவர் வண்டியை ஒதுக்கினார். "நேத்துக் காலைல சீரியஸ்னுதானே நீ மேல சொல்லி உட்டே?"

"ஆமாங்க."

"அப்ப நாம போறப்ப உசுரு இருந்துச்சுன்னுதான் ஊருல நெனச்சிட்டிருப்பாங்க."

ரொம்பநேரம் கழித்துப் பூங்குழலிதான் சொன்னாள். "பொய் சொல்லி ஊத்தினா, ஊத்தினவளுக்குச் சாகறப்ப தண்ணி கெடைக்காதும்பாங்க."

"நான் இருக்கற வரைக்கும் உனக்குத் தண்ணியில்லாமப் போகாது புள்ள" என்றார் அவர். சொன்னபிறகு அது எவ்வளவு கோணலான ஆறுதல் என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். "நீ நூறு வயசு இருப்பே. நான் எங்க போவேன் அதுவரைக்கும்" என்று முணுமுணுத்தார்.

ஆத்தூரில் வண்டியை நிறுத்தி இறங்கினார். டீ வாங்கிவரப் போகிறார் என்று நினைத்தாள். இரண்டு கையாலும் தூக்க வேண்டிய அளவுக்கு ஒரு ரோஜா மாலையோடு வந்து, பின்கதவைத் திறந்து அப்பாவின் மார்மேல் வைத்தார்.

"இது ஆபீஸ்காரங்க போட்டது. என்ன?"

அவள் தலையை ஆட்டினாள். இப்படியாக அவர்கள் காரவள்ளிக்கு வந்து சேரும்போது பொய் இரண்டாகியிருந்தது.

ரோடு ஓடையோடு முடிந்துவிடும். அதற்கு அப்பால் நடைதான். வண்டி போய் நின்றபோது வெயில் மரத்தின் தலைக்கு ஏறியிருந்தது. ஊர் முழுக்க ரோட்டுப்பக்கக் கரைக்கு வந்திருந்தது, அத்தாயியைத் தவிர. அவள் ஊர்ப்பக்கக் கரையில், ஒரு பலா மரத்தின்மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். அழவில்லை. வண்டியையும் பார்க்கவில்லை. மகளையே பார்த்தாள்.

அப்பாவின் தங்கை பெருமாயிதான் முதலில் ஓடிவந்து கதவைப் பிடித்தாள். "எங்கண்ணா! மலையாட்டம் போனியே, இப்பிடி ஐசுல வெச்சுக் கொண்டாந்துட்டாங்களே!" என்று மார்பில் அடித்துக்கொண்டாள். அழுகையோடு அழுகையாக அக்கரையைப் பார்த்து ஒரு சொல்லும் விட்டாள். "நாலாயிரம் பேரு நாலாயிரம் பேருன்னு பீத்துனியே அத்தாயி! நாலு பேரு வந்தாங்களா எங்கண்ணனத் தூக்க? ஒத்த வண்டியில, ஒரு பாயும் புள்ளையும்..."

"ஆபீஸ்ல போட்ட மாலையப் பாருங்க" என்றார் அக்பர் அலி, சத்தமாக. "அத்தன பேரும் வண்டி கட்டிட்டு வாரேன்னாங்க. மலை ரோட்டுல அத்தன வண்டி எங்க நிறுத்தறது? நாந்தான் வேண்டாம்னுட்டேன்."

பெருமாயி மாலையைப் பார்த்தாள். அவ்வளவு பெரிய மாலையை அந்த ஊர் பார்த்ததில்லை. அவள் அழுகையை மட்டும் தொடர்ந்தாள்.

"அழுகாச்சி அப்பறம்" என்று ஊர்க்கவுண்டர் செங்கோடன் முன்னால் வந்தார். எழுபது வயசு இருக்கும். கையில் ஓடைத்தண்ணீர் மொண்ட செம்பு. "கேக்கறதக் கேட்டுக்கறேன். கருப்பண்ணனுக்கு வாய்த்தண்ணி குடுத்தது யாரு?"

அக்பர் அலி வண்டியின் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நானுங்க" என்றாள் பூங்குழலி.

"நீ போறப்ப உசுரு இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க."

"எந்தக் கையில குடுத்தே?"

"சோத்தாங்கையிலங்க."

"குடிச்சானா, கடவாயில வழிஞ்சிருச்சா?"

இதை அவர் கேட்பார் என்று அவள் நினைத்திருக்கவில்லை. புழுதியில் பதிந்த உள்ளங்கைகளும் அந்தக் காய்ந்த வெள்ளைத் தொட்டியும் கண் முன்னால் வந்து நின்றன. அக்கரையில் அம்மா மரத்திலிருந்து கையை எடுத்திருந்தாள்.

"மூணு மடக்கு குடிச்சாருங்க" என்றாள். குரல் உடையாமல் வந்தது. "போதுமான்னு கேட்டேன். போதுங்கண்ணுன்னாரு."

செங்கோடன் அவள் முகத்தைப் பார்த்தார். வண்டிக்குள் பார்த்தார். கழுத்திலிருந்து தொடைவரை ஆஸ்பத்திரித் துணி இறுக்கிச் சுற்றியிருந்தது. அப்படிச் சுற்றி வந்தால் உள்ளே என்ன தையல் போட்டிருப்பார்கள், யாரும் பக்கத்தில் இல்லாமல் நேர்ந்த சாவுக்குத்தான் அப்படி அறுத்துத் தைப்பார்கள் என்பதெல்லாம் தெரியாத ஆளில்லை அவர். போலீசு ஸ்டேஷனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஊருக்காக எத்தனையோ தடவை இறங்கிப் போனவர். செம்பைப் பிடித்திருந்த அவர் கை கொஞ்சம் தாழ்ந்தது. அப்புறம் நிமிர்ந்தது.

"அப்ப நீதான் சாமி மொதக் கொடம்" என்று செம்பை அவளிடம் நீட்டினார். திரும்பி, "என்னடா பாத்துட்டு நிக்கறீங்க? தூக்குங்க, பொழுது போவுது!" என்று இளவட்டங்களை அதட்டினார்.

நாலு பேர் தூக்கினார்கள். அதில் ஒருவர் அக்பர் அலி. முட்டளவுத் தண்ணீரில் பேன்ட்டை நனைத்துக்கொண்டு ஓடையைக் கடந்தார். அக்கரை ஏறியதும்தான் அத்தாயி வாயைத் திறந்து அழுதாள். அவளைப் பிடிக்க யாரும் வேண்டியிருக்கவில்லை. புருஷன் அவள் பக்கம் வந்துவிட்டார் அல்லவா? தானே ஓடி வந்து பிடித்துக்கொண்டாள்.

வாசலில் பலகை போட்டுப் படுக்க வைத்தார்கள். துணியை அவிழ்க்க வேண்டாம் என்று செங்கோடன் சொல்லிவிட்டார். "பெரிய ஆஸ்பத்திரியில கட்டினது. அவுக்கக் கூடாதும்பாங்க. மூஞ்சிக்கும் காலுக்கும் ஊத்துனாப் போதும்." பூங்குழலி முதல் குடத்தைத் தூக்கினாள். நெற்றியில் விட்டாள். தண்ணீர் கண்குழியில் தேங்கி, மூக்கோரமாக இறங்கி, மூடிய உதட்டுக்கு வந்து, அங்கே ஒரு கணம் நின்று, இரண்டு பக்கமும் பிரிந்து தாடையில் வழிந்து போயிற்று. குடத்தில் இன்னும் பாதி இருந்தது. மறுபடி உதட்டின்மேலேயே விட்டாள். மறுபடியும் வழிந்தது. "போதும் புள்ள, தலைக்கு ஊத்து" என்று யாரோ சொன்னார்கள். அவள் காதில் விழவில்லை. குடம் காலியாகும்வரை அங்கேயே ஊற்றினாள். அத்தாயி புருஷனின் காலடியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளிச்சம் இருக்கும்போதே குழியில் இறக்கியாயிற்று. கல் நட்டார்கள். அக்பர் அலி மூன்று கை மண் போட்டுவிட்டு, தன் வழக்கப்படி எதையோ மெல்ல ஓதிவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் இறங்கிப் போனார். சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு போகக் கூடாதென்பது அவருக்கும் தெரியும்.

மறுநாள் சாயங்காலம் வரை வீட்டில் ஆள் இருந்தது. களி கிண்டினார்கள். பெருமாயி இரண்டு முறை மூர்ச்சையாகி இரண்டு முறையும் தானே எழுந்தாள். மாலையைப் பற்றிப் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் அவள்தான் சொன்னாள், அளவு கொஞ்சம் கூட்டியே சொன்னாள். பொழுது சாயும்போது அவளும் போய்விட, வாசலில் தாயும் மகளும் மட்டும் மிஞ்சினார்கள்.

அத்தாயி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். நேற்றிலிருந்து அவள் மகளிடம் ஒன்றும் கேட்கவில்லை. இப்போதுதான் கேட்டாள்.

"ஆபீஸ்ல அழுதாங்களா கண்ணு?"

பூங்குழலி இதற்குத் தயாராகத்தான் இருந்தாள். "அழுதாங்கம்மா. பொம்பளப் புள்ளைங்கதான் ரொம்ப அழுதாங்க. என்னைய மாதிரிப் புள்ளைங்க. கழுத்துல அட்டை மாட்டிட்டு. தெனமும் சிரிச்ச மூஞ்சியா கதவத் தொறந்து உடுவாராம். அன்னிக்கு வேலையே நடக்கலியாமா. ஒவ்வொரு மாடியில இருந்தும் எறங்கி வந்து, படியெல்லாம் ஆளு..." சொல்லச் சொல்ல வந்துகொண்டே இருந்தது. உறை கழற்றாத அந்த நாற்காலி ஒவ்வொன்றிலும் ஒரு ஆளை உட்கார வைத்தாள், எழுப்பினாள், அழவிட்டாள். "மேனேஜர் வந்து என் கையப் புடிச்சிட்டு..."

"ம்" என்றாள் அத்தாயி.

மேனேஜர் என்ன சொன்னார் என்பதை யோசித்துக்கொண்டிருந்த பூங்குழலி நிறுத்தினாள்.

"அந்தக் கட்டடத்துல ஒரு ஈ காக்கா இல்லேன்னு போன பொங்கலுக்கு வந்தப்பவே உங்கப்பன் எங்கிட்டச் சொல்லிட்டாரு கண்ணு." அத்தாயி முழங்காலைத் தடவிக்கொண்டாள். "வெளக்குப் போட்டு வெளக்கு அணைக்கற வேலை. எங்கொரலு எனக்கே திரும்பி வருது அத்தாயி, பேசறதுக்கு ஒரு நாதியில்லேன்னாரு. இங்கியே இருந்துருங்கன்னேன். தை கழியட்டும்னாரு. ஊருல நான் சொல்லல. பெருமாயி சிரிப்பா."

கீழே எங்கோ ஒரு மாடு கத்தியது. பூங்குழலி தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதெல்லாம் கெடக்குது" என்றாள் அத்தாயி. பிறகு, கேட்க வேண்டியதைத் தரையைப் பார்த்தே கேட்டாள்.

"தண்ணி குடுத்தது மட்டும் நெசந்தானே?"

"நெசந்தாம்மா."

"மூணு மடக்கு."

"ஆமாம்மா."

அத்தாயி நிமிர்ந்து மகளைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ. அவள் கையை ஊன்றி எழுந்து, வானத்தைப் பார்த்தாள்.

"பனி எறங்குது. மொளகு ரெண்டு நாளா வெளியவே கெடக்குது, வா."

வாசலின் கோடியில் பாயோடு மிளகு அப்படியே காய்ந்து கிடந்தது. அம்மா ஒரு ஓரத்தைப் பிடித்தாள், மகள் மறு ஓரத்தை. நடுவில் கனம் தாழ்ந்து பாய் தொட்டிலைப்போலக் குழிந்தது. அம்மா பின்பக்கமாக ஒவ்வொரு அடியாக வைத்து வீட்டுக்குள் போக, ஒரு மணி கீழே விழாமல், அவள் நடைக்குத் தன் நடையை வைத்து மகள் பின்னால் போனாள்.